அக்காவின் சூளைக்கு எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம்

அக்காவின் சூளைக்கு முன்னால் போய் நிற்கவே எனக்குப் பயம். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவளுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. பீங்கானில் ஃப்யூஸ் கம்பி மாட்டுகிற கேரியர் செய்வாள், நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மை, அப்புறம் கார்த்திகை விளக்கு. எல்லாம் ஒரே ஒரு கேஸ் சூளையில் வெந்து வர வேண்டும். ஓர் ஆள் நிமிர்ந்து உள்ளே நிற்கலாம், அவ்வளவு உயரம். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சிலிண்டர்கள். அவற்றைப் பார்த்தவுடனே செல்போனை எடுத்து அணைத்துவிடுவேன். "அது பெட்ரோல் பங்க்குலடா," என்பாள் அக்கா. எங்கே என்றால் என்ன, அணைத்து வைப்பதில் என்ன நஷ்டம்?

நான் பயந்தாங்கொள்ளி. வெட்கப்பட்டு மறைக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. தீபாவளிக்குத் தெருவே வெடி வைக்கும்போது நான் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பேன். அக்கா வெடியைக் கையிலேயே கொளுத்தித் தூக்கிப் போடுவாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் டிரைவர் கொஞ்சம் அழுத்தினால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். வேப்பூரில் ஹைவேயைக் கடக்க எனக்கு ஆள் துணை வேண்டும். கல்யாணமான புதிதில் என் மனைவி இதையெல்லாம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு புரிந்துகொண்டாள், பாவம்.

இப்படிப்பட்டவன் போய் எந்த வேலையில் மாட்டினேன் பாருங்கள். மோட்டார், பம்பு, லிஃப்ட் மாதிரி இயந்திரங்களுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிச் சிப்புகளுக்கு புரோகிராம் எழுதுகிற வேலை. சென்னைக் கம்பெனி. ஊரடங்கு சமயத்தில் ஊருக்கு வந்தவன் அப்படியே வீட்டிலிருந்து வேலை என்று தங்கிவிட்டேன். கம்பெனி வேலை போக எனக்கென்று ஒன்று வைத்திருந்தேன். முதல் வரியிலிருந்து நானே எழுதிய ஒரு ரியல் டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம். கம்ப்யூட்டரில் இருப்பது போல படம் காட்டாது, பாட்டுப் பாடாது. சிப்புக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வேலை இப்போது, எந்த வேலை அடுத்தது என்று முறை வைக்கும், அவ்வளவுதான்.

ரியல் டைம் என்றால் என்ன என்று அக்கா ஒரு தடவை கேட்டாள்.

"அடுப்புல பால வெச்சிருக்கே. பொங்குறதுக்கு முன்னாடி அணைச்சா நல்லது. பொங்கி வழிஞ்ச அப்புறம் அணைச்சாலும் அணைச்சதுதான், ஆனா அடுப்பு நாறிடும் இல்ல? அது மாதிரி. சரியான வேலைய லேட்டா செஞ்சா அது தப்பு."

"அப்புடின்னா சீக்கிரம் செய்யணும், அவ்ளோதானே?"

"சீக்கிரம் இல்லக்கா. நேரத்துக்கு. ஒரு வாட்டி கூட தவறாம நேரத்துக்கு."

"சரிதான். இதையும் நீ பயப்படுறதுக்குன்னே தேடிப் புடிச்சிருக்கே," என்றாள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. மொழியையும் நான் பயந்துதான் தேர்ந்தெடுத்தேன். இந்த மாதிரி வேலைக்குக் காலங்காலமாக இருக்கிற மொழியில் எழுதினால், தப்புச் செய்ய உங்களுக்கு முழுச் சுதந்திரம். அது பாட்டுக்கு ஓடும். ஒரு நாள் காரணமே சொல்லாமல் நின்றுவிடும். நான் எடுத்துக்கொண்டது ரஸ்ட் என்கிற புதிய மொழி. அதில் எழுதியதைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற கம்பைலர் ஒரு மாமியார்க் கம்பைலர். ஒரு தகவலை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திருத்தக் கூடாது என்பாள், கடன் வாங்கியதை யார் எப்போது திருப்பினார்கள் என்று கேட்பாள், சந்தேகம் இருந்தால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள். எல்லாரும் அவளைத் திட்டுவார்கள். எனக்கோ அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும்போது அப்பாடா என்று இருக்கும். எனக்காக வேறு யாரோ பயப்படுகிறார்கள் அல்லவா?

"ரஸ்ட்டுன்னா துருதானேடா? பேரே வெளங்கலியே," என்றாள் அக்கா.

போன மழைக்காலத்தில் எஸ்டேட்டில் இடி விழுந்தது. அக்கா சூளையைக் கவனித்துக்கொண்டிருந்த பழைய கன்ட்ரோல் பெட்டி கருகிப்போயிற்று. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. மாமா துபாயில் இருக்கிறார், போனில் ஆறுதல் சொல்வதோடு சரி. அக்கா பச்சைப் பொம்மைகளை வண்டியில் அடுக்கி அடுத்தவர் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு எடுத்துவந்தாள். வழியிலேயே பாதிக்கு மூக்கும் காதும் போய்விடும். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், கையெல்லாம் களிமண்.

"நீ எம்மா நாளா அந்தச் சாமான எழுதிக்கிட்டே இருக்குறே? அது என்னாதான் செய்யும்? எனக்கு சூளைக்கு ஒரு பொட்டி செஞ்சி குடு."

"அக்கா, அது கேஸு."

"கேஸுதான். அதுக்கென்னா?"

"எதாச்சும் ஆயிட்டா?"

"ஆவாது. நீ செஞ்சா ஆவாது. உன்னாட்டம் பயந்தவன் ஊருல வேற எவன் இருக்குறான்?"

மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. ஒப்புக்கொண்டேன்.

அந்த மாதங்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மேஜை மேல் வால்வுக்குப் பதில் பல்பு, தீக்குப் பதில் சிகரெட் லைட்டர் என்று வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சோதித்தேன். சூளை பற்றவைக்கும் முறை இதுதான். முதலில் விசிறி ஓடி, உள்ளே கேஸ் தேங்கியிருந்தால் வெளியேற்ற வேண்டும். பிறகு ஒரு சின்ன வால்வு திறந்து, பொறி அடித்து, கட்டைவிரல் அளவு தீ பிடிக்க வேண்டும். அதற்கு பைலட் என்று பேர். ஓர் எலெக்ட்ரானிக் கண் அந்தத் தீயைப் பார்த்து 'இருக்கிறது' என்று சொன்னால் மட்டுமே பெரிய வால்வு திறக்கும். நடுவில் தீ அணைந்துவிட்டால் உடனே எல்லா வால்வும் மூட வேண்டும். தாமதித்தால் சூளைக்குள் வெறும் கேஸ் நிரம்பும். நிரம்பிய பிறகு ஒரு பொறி போதும். அந்த 'உடனே' என்ற சொல்லில்தான் என் அக்காவின் உயிர் இருந்தது.

ரஸ்டில் ஒரு வசதி உண்டு. எந்தப் படியில் எந்தக் கருவியைத் தொடலாம் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். தொடக்கூடாத படியில் தொட்டால் புரோகிராமே உருவாகாது. விசிறி ஓடும்போது பெரிய வால்வைத் திறக்கிற வரியை நான் புத்தி கெட்டுப்போய் எழுதினாலும் கம்பைலர் விடாது. இதைக் கண்டதும் எனக்கு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. ஒவ்வொரு கருவியையும் அதனதன் படிக்குள் வைத்துப் பூட்டினேன். தீயைப் பார்க்கிற கண்ணையும் அப்படித்தான் பூட்டினேன். பைலட் வால்வு திறந்த பிறகுதான் அதைக் கேட்க முடியும். அதற்கு முன்னால் தீ ஏது, கேட்பானேன்? கம்பைலர் ஒரு குறையும் சொல்லாமல் ஒப்புக்கொண்டபோது நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பெட்டியைச் சூளையில் மாட்டி, முதல் முறை பற்றவைக்கிற நாள் வந்தது. காலையிலேயே எல்லா வயரையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அக்கா தலைக்குக் குளித்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சூளைக் கதவில் மஞ்சள் குங்குமம், நிலையில் எலுமிச்சம்பழம். வேலைக்கு வருகிற பெண்களையெல்லாம் வெளியே நிற்கச் சொன்னேன். அக்காவையும் சொன்னேன்.

"எவன்டா இவன்! என் சூளைக்கு நான் நிக்காம யாரு நிப்பாங்க? ஓரமா போயி உக்காரு, மூஞ்சியப் பாரு, வெளுத்துப்போயி கெடக்குது."

பொத்தானை அழுத்தினாள். விசிறி ஓடியது, ஓடி அடங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த பொத்தானை அழுத்தினால் பைலட். அவள் அழுத்தவில்லை. இடுப்பிலிருந்து கற்பூரத்தை எடுத்தாள்.

இது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். பழுது பார்த்த சூளையில் முதலில் சாமி நெருப்புதான் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கேஸ் நெருப்பு. பர்னர் வாயருகே கை நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும், பந்தத்தால் பற்றவைத்த காலத்தில் வைத்தது. விசிறி ஓடும்போது வைத்தால் அணைந்துவிடும் என்று அவள் அது அடங்கும்வரை காத்திருந்திருக்கிறாள். கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளே செங்கல் விளிம்பில் வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதில் பயப்பட ஒன்றுமே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை!

பிறகு பொத்தானை அழுத்தினாள். டக் என்று சின்ன வால்வு திறந்தது. பொறி அடிக்கிற சத்தம் கேட்டது. உடனே தீ இருக்கிறது என்கிற பச்சை விளக்கு எரிந்தது. டக் என்று பெரிய வால்வும் திறந்தது.

சூளை பற்றினால் ஒரு முழக்கம் வரும். எஸ்டேட்டில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். அது வரவில்லை. உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் மட்டும் வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. தீ இருக்கிறது என்கிறது பெட்டி, தீ இல்லை என்கிறது காது. அழுகிய முட்டை மாதிரி கேஸ் வாசனை வந்தது. அக்கா சின்னக் கதவுக்கு ஓர் அடி தூரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு.

கத்துவதற்கு நேரமில்லை. சிவப்பு நிறத்தில் ஓர் அவசரப் பொத்தான் வைத்திருந்தேன். அதை மட்டும் என் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வழியாக விடாமல், வால்வுக்குப் போகிற கரண்டையே அறுக்கிற மாதிரி நேராகக் கம்பி இழுத்திருந்தேன், என்னையே நான் நம்பாததால். அதை எப்படி எட்டினேன் என்று தெரியாது. கை முழுவதையும் வைத்து அடித்தேன். அடித்த கையோடு அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம்.

குப் என்று ஒரு சத்தம். சின்னக் கதவிலிருந்து நீலமாக ஒரு தீ வெளியே வந்து, அவள் நின்ற இடத்தைத் தடவிவிட்டு உள்ளே போயிற்று. சூளையின் பெரிய கதவு கொக்கியில் ஒரு முறை குதித்து நின்றது. மேலிருந்து செங்கல் தூள் கொட்டியது. வெளியே பெண்கள் "ஐயோ அக்கா" என்று அலறினார்கள். அவ்வளவுதான். வால்வு இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்தால் அந்தக் கொக்கி தாங்கியிருக்காது.

அக்கா எழுந்து உட்கார்ந்து தலையில் தட்டிப் பார்த்துக்கொண்டாள். ஒரு பக்கப் புருவம் சுருண்டு கருகியிருந்தது. வேறு ஒன்றுமில்லை. ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடிக்கக் கூடத் தெரியாமல் அக்கா கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குக் காது இல்லியா? சத்தம் வரலன்னு தெரியலியா? எம்மா வருஷமா சூளை போடுறே?"

"தெரிஞ்சுதுடா," என்றாள்.

"பின்ன என்னா எழவுக்கு அங்கியே நின்னே?"

"பச்சை எரிஞ்சுதே. நீ செஞ்சதாச்சே. என் காதுதான் மந்தமாயிடுச்சோன்னு நெனச்சிக்கிட்டேன்."

பழைய பெட்டியாக இருந்திருந்தால், பச்சை எரிந்தாலும் சிவப்பு எரிந்தாலும், முழக்கம் வராத மறுநொடி அவள் கேஸ் குழாயின் கைவால்வைத் திருகி மூடியிருப்பாள். பல தடவை மூடியிருக்கிறாள், நானே பார்த்திருக்கிறேன். தம்பி செய்தது என்பதால் தன் காதை நம்பாமல் நின்றிருக்கிறாள். கேஸைவிட, வெடித்த சத்தத்தைவிட அந்தப் பேச்சுதான் என்னை நடுங்க வைத்தது. வண்டியை எடுத்து வீட்டுக்கு வரும் வழியில் மணிமுத்தாற்றுப் பாலத்தில் நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சூளை சும்மா கிடந்த மாதங்களில் பைலட் குழாயின் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. பைலட்டுக்குக் கேஸே வரவில்லை. நான் வைத்த எலெக்ட்ரானிக் கண் பார்த்தது கற்பூரத்தை. உள்ளே தேங்கிய கேஸ் அந்தக் கற்பூரத்தை எட்டியபோதுதான் குப் என்று பிடித்தது. தீ இருக்கிறதா என்று நான் கேட்டேன், இருக்கிறது என்று அது சொன்னது. பொய் இல்லையே! பைலட் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டிருந்தால், அப்போதே தீ தெரிகிறது, இது ஏதோ கோளாறு என்று நின்றிருக்கும். ஆனால் முன்னால் கேட்கவே முடியாதபடி பூட்டியவன் நான். கம்பைலர் என்ன செய்யும்? சொன்னதைச் சொன்னபடி காத்தது. சூளைக்குள் கற்பூரம் வைப்பார்கள் என்று அந்த மாமியாருக்கு யார் சொன்னது?

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன், கடையில் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"வாங்குனா அதைச் செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியுமா? திட்டுறதுக்காவது நீ இருக்குறே. சரி பண்ணிக் குடு."

பைலட் குழாயிலிருந்த குளவிக் கூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெட்டியைச் சரி செய்தேன். தீயைப் பார்க்கிற கண்ணை எந்தப் படிக்குள்ளும் பூட்டாமல் தனி வேலையாக்கினேன். மற்ற எல்லா வேலையும் அதற்கு வழிவிட வேண்டும். பெட்டிக்கு கரண்ட் வந்த கணத்திலிருந்து அது பார்த்துக்கொண்டே இருக்கும். இருக்கக் கூடாத நேரத்தில் தீ தெரிந்தால் சிவப்பு விளக்கு, எல்லாம் பூட்டு. அக்காவே கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளே காட்டிப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது. சாமி நெருப்பை இனிக் கதவுக்கு வெளியே காட்டுவது என்று முடிவாயிற்று. "சாமி கோவிச்சிக்காது, உன்னைத் தெரியும் அதுக்கு," என்றாள். கேலி செய்கிறாள், பழையபடி ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி பற்றவைக்கிற நாளில் வெளியே கற்பூரம் காட்டினாள். பெண்களை நான் சொல்வதற்கு முன்பே அவளே வாசல் கேட்டுக்கு அனுப்பினாள். விசிறி ஓடி அடங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பொத்தானில் விரலை வைத்தாள், அழுத்தவில்லை. வெடியைக் கையிலேயே கொளுத்துகிற அந்த விரல் பொத்தான் மேல் அப்படியே நின்றது.

"தம்பி," என்றாள். டேய் என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். "பயமா இருக்குதுடா."

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை சோதனை செய்தேன், எதையெல்லாம் மாற்றினேன் என்று அடுக்கியிருக்கலாம். கேஸ் குழாயின் கைவால்வை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கும்தான்க்கா. அழுத்து," என்றேன்.

அழுத்தினாள். பொறி அடித்தது. பைலட் பிடித்தது. பெரிய வால்வு திறந்ததும் முழக்கம் எழுந்து தகரக் கூரை அதிர்ந்தது. பெட்டியில் பச்சை எரிந்தது. அக்கா அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. முழக்கம் வந்து நெடுநேரம் ஆன பிறகும், தலையைச் சாய்த்து, காதைச் சூளைப் பக்கமாகக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.